டீ ஃபார் டூ (டாம் அண்ட் ஜெர்ரி குறும்படம்)

டீ ஃபார் டூ என்பது 1945ஆம் ஆண்டு சூலை 21 அன்று வெளியான அமெரிக்க நகைச்சுவை அசைவூட்டக் குறும்படமாகும். டாம் அண்ட் ஜெர்ரி வரிசையில் இது 20ஆவது படம். வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் இதை இயக்கினர். மெட்ரோ கோல்ட்வின் மேயர் (எம்ஜிஎம்) நிறுவனத்தின் அசைவூட்டப் பிரிவு தயாரித்தது. இசை இசுகாட் பிராட்லி. சுமார் ஏழு நிமிடங்கள் ஓடும் இப்படம் குழிப்பந்தாட்டத்தை (கோல்ஃப்) களமாகக் கொண்டது.

தலைப்பு

தலைப்பு ஒரு சிலேடை. "டீ ஃபார் டூ" (இருவருக்குத் தேநீர்) என்பது "நோ, நோ, நானெட்" என்ற இசை நாடகத்தின் வழியாக 1920களில் புகழ்பெற்ற பாடல். குழிப்பந்தாட்டத்தில் முதல் அடிக்குப் பந்தைத் தாங்கி நிற்கும் சிறு முளைக்கும் "டீ" என்றே பெயர். ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களின் எழுத்து வேறு, ஒலி ஒன்று.

ஆட்டத்தின் அடிப்படை

குழிப்பந்தாட்டம் தெரியாதவரும் இப்படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். எனினும் சில விதிகளை அறிந்தால் நகைச்சுவை கூடுதலாகப் புரியும். ஒரு முழு ஆட்டத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் மிகக் குறைந்த அடிகளில் பந்தை விழச்செய்பவரே வெல்வார். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே அடிக்க வேண்டும் என்பது முதன்மையான விதி. மணற்பள்ளத்தில் விழுந்தால் அங்கிருந்தே அடித்து மீள வேண்டும்.

மட்டைப்பந்திலோ டென்னிசிலோ பந்தை எதிராளி அனுப்புகிறார். குழிப்பந்தாட்டத்தில் அசையாமல் கிடக்கும் பந்தை ஆட்டக்காரர் தாமே அடிக்கிறார். தவறினால் பழியை வேறு யார் மீதும் போட முடியாது. ஆகவே அமைதியும் தன்னடக்கமும் இந்த ஆட்டத்தின் பண்புகளாகக் கருதப்படுகின்றன. டாம் பூனையிடம் இல்லாதவையும் இவையே.

கதைச்சுருக்கம்

படம் தொடங்கும்போது திடலின் புல்வெளி எங்கும் சிதைந்து கிடக்கிறது. அந்த அழிவின் தடத்தைப் பின்தொடர்ந்தால், தானே தோண்டிவிட்ட ஆழமான பள்ளத்திலிருந்து பந்தை வெளியேற்றப் போராடும் டாம் தென்படுகிறது. ஒருவழியாகக் குழியருகே வந்து பந்தை உள்ளே தள்ளினால், அது திரும்ப வெளியே வந்து விழுகிறது. காரணம், குழிக்குள் ஜெர்ரி எலி இருக்கிறது.

டாம் ஜெர்ரியை மிரட்டிப் பந்தைத் தாங்கும் முளையாகப் பயன்படுத்துகிறது. ஜெர்ரி அதற்குப் பழிவாங்கத் தொடங்குகிறது. ஒருமுறை டாம் அடித்த பந்து மரத்தில் பட்டுத் திரும்பி வந்து அதன் பற்களை நொறுக்குகிறது. பின்னர் தேனீக் கூட்டம் டாமைத் துரத்துகிறது. டாம் நீருக்குள் மூழ்கி, ஒரு நாணல் தண்டு வழியே மூச்சுவிடுகிறது. ஜெர்ரி அந்தத் தண்டுக்குள்ளேயே தேனீக்களை அனுப்புகிறது. டாம் அலறியபடி தொலைவில் ஓடும்போது, ஜெர்ரி பந்தை வைத்து நிதானமாக ஒரே அடி அடிக்கிறது. பந்து டாமின் தலையில் பட்டு அதை வீழ்த்துகிறது. படம் முழுவதும் ஒழுங்காக அடிக்கப்பட்ட அடி அது ஒன்றே எனலாம்.

நகைச்சுவையின் அமைப்பு

குழிப்பந்தாட்டக் குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது சுமார் 10.8 செ.மீ. ஒரு எலி வளைக்கு இது பொருத்தமான அளவு. இந்த ஒற்றுமையிலிருந்தே கதை பிறக்கிறது. பூனைக்கு அது பந்து விழவேண்டிய குழி. எலிக்கு அது புகுந்துகொள்ள ஓர் இடம். எதிராளியே இல்லாத ஆட்டத்தில், குழிக்குள்ளேயே ஓர் எதிராளி முளைத்துவிடுகிறான். தன் தவறுக்குப் பிறரைப் பழிக்க முடியாத ஆட்டத்தில், பழி சுமத்த டாமுக்கு ஒருவர் கிடைக்கிறார்.

இதே விளையாட்டை வால்ட் டிஸ்னி நிறுவனமும் கையாண்டுள்ளது. 1938இல் டொனால்ட் டக் நடித்த "டொனால்ட்ஸ் கோல்ஃப் கேம்", 1944இல் கூஃபி நடித்த "ஹவ் டு பிளே கோல்ஃப்" ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கூஃபி படத்தில் ஒரு குரல் ஆட்டமுறையைப் பாடம் போல விளக்குகிறது. திரையில் நடப்பதோ அதற்கு நேர்மாறானது. டீ ஃபார் டூவில் அத்தகைய விளக்கக் குரல் கிடையாது.

இசையும் காலக்கணக்கும்

பேச்சின் இடத்தை இசை நிரப்புகிறது. நடை, பதுங்கல், அடி, திகைப்பு ஒவ்வொன்றுக்கும் பிராட்லி தனித்தனி இசைத்துணுக்கு அமைத்தார். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். தாளம் 12 சட்டகத்துக்கு ஒருமுறை விழுந்தால் நிமிடத்துக்கு 120 தாளம் வரும். இவ்வாறு கணக்கிட்டே அசைவும் இசையும் இணைக்கப்பட்டன. அடி விழும் கணம் சில சட்டகங்கள் முந்தினாலோ பிந்தினாலோ சிரிப்பு குறைந்துவிடும். ஏழு நிமிடப் படத்தில் சுமார் 10,000 சட்டகங்கள் உள்ளன. டாமின் புகழ்பெற்ற அலறல் இயக்குநர் ஹன்னாவின் சொந்தக் குரலாகும்.

தமிழ்ப் பார்வையாளர்கள்

சென்னையில் நந்தனத்தில் குழிப்பந்தாட்டத் திடல் உள்ளது. ஆயினும் மட்டைப்பந்தைப் போல இது தெருவில் விளையாடப்படும் ஆட்டமல்ல. பரந்த நிலமும் விலையுயர்ந்த கோல்களும் தேவைப்படுவதால் பெரும்பாலும் மன்றங்களுக்குள்ளேயே இருந்துவருகிறது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவில் ஒளிபரப்பைத் தொடங்கியபின் டாம் அண்ட் ஜெர்ரி வீடுதோறும் அறிமுகமானது. குழிப்பந்தாட்டத் திடலை நேரில் பாராத சிறுவர் பலருக்கு அந்த ஆட்டம் முதலில் அறிமுகமானது இத்தகைய படங்களின் வழியாகத்தான். மொழிபெயர்ப்பு தேவைப்படாததே அதற்குக் காரணம். பந்து குழியில் விழவேண்டும், பூனை அதை விழவைக்க முடியவில்லை என்ற அளவு புரிந்தால் போதும்.