செம்பனைக் குலையைப் பற்றி எழுதும்போது

பிள்ளைகளே, பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகளைப் பார்ப்பீர்கள். அந்தக் குலை எண்ணெயாவது எப்படி என்று ஆசிரியர் ஒரு செய்முறைக் கட்டுரை எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலர் இப்படித்தான் தொடங்குவார்கள்: “முதலில் குலையை வெட்டுவார்கள். பிறகு லோரியில் ஏற்றுவார்கள். பிறகு ஆலையில் வேகவைப்பார்கள். பிறகு பிழிவார்கள்.”

வரிசை சரிதான். ஆனால் ஒவ்வொரு ‘பிறகு’வும் ஏன் என்று படிப்பவருக்குத் தெரியாது. அறிவியலே அந்த ‘ஏன்’ இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

முதல் வரியையே எடுத்துக்கொள்வோம். மரத்தில் பல குலைகள் இருக்கும். எதை வெட்டுவது? மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். சதையில் எண்ணெய் சேர்வது பழுக்கும் கடைசி வாரங்களில்தான். முந்தி வெட்டினால் எண்ணெய் குறையும்; தாமதித்தால் பழமெல்லாம் உதிர்ந்து புல்லுக்குள் போய்விடும். இனி எழுதிப் பாருங்கள்: “மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்த பின்பே குலையை வெட்டி இறக்குவார்கள், அதற்கு முன் வெட்டினால் சதையில் எண்ணெய் முழுதாகச் சேர்ந்திருக்காது.” வேலையும் அதற்கான அடையாளமும் காரணமும் ஒன்றாக வந்துவிட்டன.

லோரிக்கு ஏன் அவ்வளவு அவசரம்? பழத்தில் லிபேஸ் என்ற நொதி இருக்கிறது. பழம் அடிபட்டதும் அது எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கத் தொடங்கிவிடும். எண்ணெயின் தரம் கெடும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் குலையை ஆலைக்குக் கொண்டு சேர்க்கப் பார்க்கிறார்கள். அங்கே சுமார் 140 பாகை செல்சியஸ் நீராவியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேகவைப்பார்கள். அந்தச் சூட்டில் லிபேஸ் செயலிழந்துவிடுகிறது. பழத்தைக் குலையோடு பிடித்திருக்கும் பகுதியும் தளர்ந்துவிடுகிறது. அதன்பின் உருளையில் போட்டுச் சுழற்றினால் பழங்கள் கழன்று விழுந்துவிடும்.

அடுத்த கட்டமான பிழிதல் எழுதுபவருக்குச் சற்றுக் கடினமானது. பெரியவர் ஒருவரிடம் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டித் தரச் சொல்லுங்கள். வெளியே ஆரஞ்சு நிறச் சதை, தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும். உள்ளே கெட்டியான கறுப்பு ஓடு. அதற்குள் வெள்ளைப் பருப்பு. சதையின் எண்ணெய் செந்நிறம். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டின்தான் அதற்கும் நிறம் தருகிறது. பருப்பின் எண்ணெய் வேறு வகை, தேங்காய் எண்ணெய்க்கு நெருங்கியது. ஆக, பிழிந்ததும் வழி இரண்டாகப் பிரிகிறது. இரண்டையும் மாறி மாறிச் சொன்னால் படிப்பவர் திணறிப்போவார். முதலில் சதை எண்ணெயோடு கடைசிவரை போங்கள்: சுடுநீரோடு தொட்டியில் விட்டால், நீரைவிட அடர்த்தி குறைந்த எண்ணெய் மேலே மிதக்கும், அதைப் பிரித்தெடுப்பார்கள். 100 கிலோ குலையில் ஏறக்குறைய 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதை முடித்துவிட்டு, ஓடும் பருப்பும் சேர்ந்த கொட்டைக்குத் திரும்புங்கள்.

பிழிந்த சதையில் மிஞ்சும் நாரும் கொட்டையின் ஓடும் கொதிகலனில் எரிகின்றன. குலையை வேகவைக்கும் நீராவி அங்கிருந்துதான் வருகிறது! இதை வேகவைக்கும் இடத்திலேயே சொல்ல ஆசை வரும். நார் எது, ஓடு எது என்று படிப்பவருக்குத் தெரிந்த பிறகு சொல்வதே நல்லது.

கட்டுரையை எங்கே தொடங்குவது என்பது உங்கள் விருப்பம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் கோலா சிலாங்கூரில்தான் உருவானது. 1917இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். அங்கிருந்து தொடங்கலாம். நானாக இருந்தால் பூவிலிருந்து தொடங்குவேன். செம்பனையில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. இன்று மகரந்தத்தைச் சுமப்பது ஒரு குட்டி வண்டு. அது கேமரூன் நாட்டிலிருந்து 1981இல் இங்கே கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் தொழிலாளர்களே மகரந்தத் தூளைப் பூக்களில் தூவி வந்தார்கள். வண்டு வந்ததும் அந்தப் படி செய்முறையிலிருந்தே போய்விட்டது.

உங்கள் பாட்டியோ தாத்தாவோ அந்தக் காலத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களா? எதைக் கொண்டு தூவினார்கள், எந்த நேரத்தில், பூ தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.