தபாலில் நடந்த குருகுலம்

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதியன்று அமெரிக்கத் தபால் இலாகா 34 சென்ட் விலையுள்ள ஒரு தபால்தலையை வெளியிட்டது. நீலப் பின்புலத்தில் பொன்வண்ண அரபு எழுத்துக்கள் ஒன்றையொன்று தழுவி நின்ற அந்தச் சிறு தாளில் அரபியில் எழுதியிருந்த சொற்கள் இரண்டே: ‘ஈத் முபாரக்’. பெருநாள் பாக்கியம் நிறைந்ததாகுக என்பது அதன் பொருள். நோன்புப் பெருநாளுக்கும் தியாகத் திருநாளுக்கும் முஸ்லிம்கள் அனுப்பும் வாழ்த்துக் கடிதங்களில் ஒட்டுவதற்கென்று வெளிவந்த அந்தத் தபால்தலையின் எழுத்தை எழுதியவர் அரபு தேசத்தவரும் அல்லர், துருக்கியரும் அல்லர். 1942-இல் கலிபோர்னியா மாகாணத்து வென்சுரா நகரில் பிறந்து, இளமையில் விமானத் தொழிற்சாலை இயந்திரங்களில் உலோகம் கடைந்து பழகிய முகம்மது ஜக்கரியா என்னும் அமெரிக்கர்.

ஒரு லிபி அதைத் தாய்மொழியோடு பெற்றவர்களுக்கே சொந்தம் என்று எண்ணுவது நமக்கு இயல்பு. ஆனால் அரபு எழுத்தணிக் கலையின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோருக்கு, அது பிறப்பினால் வருகிற பாத்தியதை அன்று என்பதும், குருவின் கையிலிருந்து சிஷ்யனின் கைக்கு ஆண்டுக்கணக்கான அப்பியாசத்தின் வழியே இறங்கி வருகிற சொத்து என்பதும் தெளிவாக விளங்கும். ஜக்கரியாவின் வாழ்க்கை அதற்கு நம் காலத்திலேயே கிடைத்திருக்கும் சாட்சியம்.

இறைவாக்கைத் தாங்கும் எழுத்தில் குறை இருக்கலாகாது என்ற பக்தியே இக்கலைக்கு வித்து. அந்தப் பக்திக்கு ஒரு கணக்கை வகுத்துக் கொடுத்தவர், பாக்தாதில் அப்பாசியக் கலீபாக்களுக்கு மந்திரியாக இருந்து, அரசியல் பகைமையால் வலக்கை வெட்டுண்டு, 940-இல் சிறையில் மாண்ட இப்னு முக்லா. நாணற்பேனாவின் சரிந்த முனையைத் தாளின்மேல் வைத்துச் சற்றே இழுத்தால் சாய்சதுர வடிவில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியே அளவுகோல். நம் ஸ்தபதிகள் முகத்தின் நீளத்தைத் தாலமாகக் கொண்டு விக்கிரகத்தின் அங்கங்களை அளப்பதைப் போல, அலிஃப் என்னும் நிமிர்ந்த முதலெழுத்து இத்தனை புள்ளி உயரம், வளைந்து கிடக்கும் எழுத்தின் வயிறு இத்தனை புள்ளி ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் பிரமாணம் ஏற்பட்டது. பேனா அகன்றால் புள்ளி அகலும்; புள்ளி அகன்றால் எழுத்தும் அதே விகிதத்தில் வளரும். ஆகவே கையடக்கமான ஏட்டில் எழுதினாலும், பள்ளிவாசல் குவிமாடத்தின் உட்புறத்தில் ஆளுயரத்துக்கு எழுதினாலும், அந்த எழுத்தின் அங்க லட்சணம் பிறழ்வதில்லை.

பாக்தாதில் இப்னுல் பவ்வாபும், பின்னர் யாகூத்தும் மெருகேற்றிய இந்தக் கணக்கு, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அமாசியா நகரத்து ஷேக் ஹம்துல்லாவின் கையில் புதுப்பொலிவு பெற்று, இஸ்தான்புல்லில் வேரூன்றித் தழைத்தது. ஆனால் 1928-இல் துருக்கிக் குடியரசு அரபு லிபியை விலக்கி லத்தீன் லிபியை ஏற்றபொழுது, அதுவரை எழுதிப் பிழைத்த கலைஞர்களின் ஜீவனோபாயம் ஒரே ஆணையில் அற்றுப்போயிற்று. கற்பவர் இல்லாமல் கலை மங்கிக் கிடந்த அந்நாட்களில், அச்சகம் நடத்தி வயிற்றைக் கழுவிக்கொண்டே நாணலைக் கீழே வைக்காமல் காத்தவர் ஹாமித் அய்தாச் (1891–1982). அவரிடம் பாடம் கேட்டுத் தேர்ந்தவர், எர்சுரும் பகுதிக் கிராமம் ஒன்றில் 1937-இல் பிறந்த ஹசன் செலெபி. அந்த ஹசன் செலெபியைக் குருவாக அடைந்தவர்தான் கலிபோர்னியாவில் பிறந்த நம் ஜக்கரியா.

சிறுவயதில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஆர்மீனியர் ஒருவரின் கம்பளக் கடைக் கண்ணாடிக்குப் பின்னே அரபு எழுத்துக்கள் அவர் கண்ணில் பட்டன. படிக்கத் தெரியாத அந்த எழுத்து அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பத்தொன்பது வயதை ஒட்டி மொராக்கோவுக்குப் பிரயாணம் செய்தார். திரும்பி வந்து இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர் வட ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் திரிந்தும், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தும், அப்துஸ்ஸலாம் அலி நூர் என்னும் எகிப்தியக் கலைஞரிடம் பாடம் கேட்டும் தம் கையைப் பழக்கி வந்தார்.

1984-இல், இஸ்தான்புல்லிலுள்ள இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் வாயிலாக ஹசன் செலெபியிடம் சிஷ்யராகச் சேர்ந்தபொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அந்த வயதில், அத்தனை ஆண்டு பழகிய கையோடு, அவர் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். துருக்கிய மரபில் முதல் பாடம் என்பது, எடுத்த காரியத்தை எளிதாக்கி நன்மையில் முடித்து வைக்குமாறு இறைவனை வேண்டும் ஒற்றை வரிப் பிரார்த்தனை. அந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் நிற்போர் உண்டு. அது கைவந்தபின் தனி எழுத்துக்கள், பின்னர் இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துக்கள், அதற்கப்பால்தான் வாக்கியங்கள்.

குரு இஸ்தான்புல்லில், சிஷ்யர் வாஷிங்டனுக்கு அருகில். ஆகையால் பாடத்தைத் தபால் சுமந்தது. இவ்விதப் பாடத்தாள் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் குருகுலம் முழுவதும் அதில் தெரியும். சிஷ்யன் எழுதிய வரியின் கீழே, பிழைத்த எழுத்துக்கு நேராக, குரு தம் கையால் அதே எழுத்தைச் சரியாக எழுதியிருப்பார். எங்கே வளைவு கூடியது, எங்கே வால் குறைந்தது என்பதைப் புள்ளிகளிட்டு அளந்து காட்டியிருப்பார். கண்டிப்பான சொல் ஒன்றும் அதில் இராது. மேலே சிஷ்யனின் எழுத்து, கீழே குருவின் எழுத்து. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சிஷ்யனே கண்டு, அதைத் தன் கையால் கடக்கவேண்டும். பேனா எங்கே அழுந்தியது, எங்கே திரும்பியது என்ற தடம் மையில் படிந்திருப்பதால், பழகிய கண்ணுக்கு அந்தத் தாளில் குருவின் கை அசைவதே புலப்படும்.

எழுத்தைப் போலவே அதற்குரிய சாதனங்களும் கையால் ஆகவேண்டியவை. உலோகம் கடைந்த கைக்கு அது புதிதன்று. ஆஸ்ட்ரோலேப் என்னும் பழைய வானியல் கருவிகளையும் சூரிய கடிகாரங்களையும் பித்தளையில் செய்யவல்லவர் ஜக்கரியா. பேனாவுக்கு, காய்ந்து இறுகிய நாணல் தண்டின் நுனியைச் சீவி, மக்தா என்னும் எலும்புப் பலகையின் குழிவில் படுக்க வைத்து, நடுவே மயிரிழைப் பிளவு செய்து, கூரிய கத்தியைச் சரிவாக வைத்து ஒரே அழுத்தில் முனையைத் துண்டிக்கவேண்டும். ‘டக்’கென்ற ஓசையோடு வெட்டு விழுந்தால் முனை சுத்தம், பிசிறு தட்டினால் மீண்டும் சீவல். மைக்கு, விளக்குப் புகைக்கரியும் கருவேல இனத்துப் பிசினும் பல மணி நேரம் சேர்த்து இடிக்கப்படும். இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளிவாசலில் நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகை வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் போய்ப் படியும்படி கட்டிடத்தையே அமைத்திருந்தார்கள் என்றால், தொழுகையின் ஒளியில் எழுந்த கரி எழுத்தாகத் திரும்பவேண்டும் என்பதில் அவர்களுக்கிருந்த சிரத்தை எத்தகையது! தாளுக்கோ மாவுப்பசையும், படிகாரம் கலந்த முட்டை வெண்கருவும் பூசி, அகேட் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, ஓராண்டுக்கு மேல் ஆறப்போடவேண்டும். அத்தகைய தாளில் மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால், தவறு நேர்ந்தால் ஈர விரலால் துடைத்துத் திருத்த இயலும்.

‘ஈத் முபாரக்’ என்னும் அந்த இரு சொற்களும் இப்படித்தான் எழுதப்பட்டன. வீட்டில் கூட்டிய கருமை, நாணலிலும் மூங்கிலிலும் சீவிய பேனாக்கள், ஓராண்டுக்கு மேல் முதிர்ந்த தாள் ஆகியவற்றைக்கொண்டு அவர் கறுப்பில் எழுதிக் கொடுக்க, பொன்னும் நீலமும் பின்னர் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டன. எழுத்தின் வகை துலுத். நிமிர்ந்த கோடுகளும் ஆழ்ந்த வளைவுகளும் கம்பீரமாக ஓடுகிற, பள்ளிவாசல் கல்வெட்டுகளுக்கு உகந்த எழுத்து.

ஆனால் எழுதத் தெரிந்த மாத்திரத்தில் எழுதியதன் கீழே பெயரிடும் உரிமை வந்துவிடாது. பூர்வ ஆசிரியர் ஒருவரின் எழுத்தைப் பார்த்துச் சிஷ்யன் பழுதற எழுதிக் காட்டவேண்டும். அதன் அடியில், ‘இனி இவர் தம் பெயரை இடலாம்’ என்று குரு தம் கைப்பட எழுதி ஒப்பமிடுவார். இஜாஸா எனப்படும் அந்த அனுமதிப் பத்திரத்தை ஹசன் செலெபியிடமிருந்து 1988-இல் இஸ்தான்புல்லில் பெற்றார் ஜக்கரியா. அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. 1997-இல், தாலிக் என்னும் சாய்ந்தோடும் எழுத்து வகைக்கு அலி அல்பர்ஸ்லானிடமிருந்து இரண்டாவது இஜாஸாவையும் பெற்றார். ஐம்பத்தைந்து வயதில், புகழ் பெற்ற பின்னரும், மற்றோர் ஆசானின் முன் மாணவராக அமரத் துணிந்த மனமே இக்கலைக்குரிய மனம்.

தபால்தலை வெளிவந்த பத்தாம் நாள் நியூயார்க்கிலும் வாஷிங்டன் அருகிலும் செப்டம்பர் 11-இன் கோரமான பயங்கரவாதத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. துக்கமும் கோபமும் கொந்தளித்த அவ்வேளையில், அரபு எழுத்துள்ள தபால்தலையைத் திரும்பப் பெறவேண்டும் என்று குரல் எழுப்பியவர்களும் இருந்தனர். தபால் இலாகா அதற்கு இணங்கவில்லை. அஞ்சல் கட்டணம் உயர்ந்த மறு ஆண்டிலேயே அதே எழுத்து 37 சென்ட் தபால்தலையாக மறுபடி வெளிவந்தது. பின்னரும் பலமுறை வெளிவந்தது. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம், அரபு நாடுகள் பதினாறின் எழுத்துக் கலையையும், துருக்கியின் ‘ஹுஸ்னி ஹத்’ மரபையும் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களாகப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியல்கள் மரியாதை செய்யலாம். கலையைக் காப்பவை கைகளே. கல்வியை விலைக்கு விற்பதில்லை என்ற பழைய நியதியின்படி குருக்கள் இப்பாடத்துக்குக் காசு வாங்குவதில்லை. பெற்றதைப் பிறருக்குக் கொடுப்பதே காணிக்கை. ஜக்கரியாவும் அவ்வழியே தம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வந்திருக்கிறார். இஸ்தான்புல்லிலிருந்து கடல் கடந்து உறைக்குள் வந்த திருத்தங்களால் உருவான ஒரு கையின் எழுத்து, பின்னொரு நாள் உறையின் மேலேயே அமர்ந்து, முன்பின் அறியாத லட்சோபலட்சம் வீடுகளுக்குப் பெருநாள் வாழ்த்தைச் சுமந்து சென்றது. தபாலிடம் அவர் பட்ட கடனை அவர் கை அவ்விதம் தீர்த்தது.