பீடித்தொழிலும் நீதியான மாற்றமும்: ஆலங்குளம் வட்டாரத்தை முன்வைத்து

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் வட்டாரச் சிற்றூர்களில் பெண்களின் முதன்மையான வீட்டுத்தொழில்களுள் ஒன்று பீடி சுற்றுதல். பீடிக்கடையில் இலையும் தூளும் பெற்று, இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி ஒப்படைக்கின்றனர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. குடும்பத்தின் அன்றாடச் செலவும் பிள்ளைகளின் கல்வியும் இவ்வருவாயைச் சார்ந்துள்ளன. எனினும் புகையிலைத் தூள் வீட்டிற்குள்ளேயே பரவுகிறது. நெடுநேரம் குனிந்திருப்பதால் கழுத்தும் முதுகும் நோகின்றன.

மக்கள் தாம் மதிக்கும் வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் விரிவதே மேம்பாடு என்பது அமர்த்தியா சென் 1999இல் வெளியிட்ட நூலின் மையக்கருத்து. இதன்படி, வருவாய் தருவதாலேயே இத்தொழில் மேம்பாடாகிவிடாது. இதனை ஒழிப்பதாலேயே நீதியும் நிறைவேறிவிடாது. வேறு வேலையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இப்பெண்களுக்கு உண்டா என்பதே அடிப்படை வினா.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1976ஆம் ஆண்டுச் சட்டங்கள் பீடி மீதான தீர்வையைக் கொண்டு நலநிதியை உருவாக்கின. சரக்கு மற்றும் சேவை வரி வந்த 2017இல் அத்தீர்வை நீக்கப்பட்டது. இந்தியா 2004இல் ஏற்புறுதி அளித்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவோ புகையிலைத் தொழிலாளர்க்கு மாற்று வாழ்வாதாரத்தை வலியுறுத்துகிறது.

புகைத்தல் குறைவது பொதுநலம். அதன் இழப்பைக் குறைந்த கூலி பெற்றவர்களே சுமப்பது நீதியாகாது. ஆகவே மாற்றுத்தொழிற் பயிற்சி, இடைக்கால வருவாய், மருத்துவக் காப்பு ஆகியன தொழில் சுருங்குவதற்கு முன்னரே அமைதல் வேண்டும்.