குனிந்து கும்பிட்ட ராஜா... குளம் வெட்டிய தாசி! புதுவை ஆயி மண்டபத்தின் கதை

புதுச்சேரி பாரதி பூங்காவுக்கு வருகிறவர்கள் நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தை போட்டோ பிடிக்காமல் திரும்புவதில்லை. சட்டசபைக்கு மனு கொடுக்க வந்தவர், பீச்சுக்கு போகிற வழியில் நிழலுக்கு ஒதுங்கியவர், எல்லாருக்கும் தெரிந்த மண்டபம்தான். ஆனால் ஆயி யாருன்னு கேட்டால், "ஏதோ ராணியா இருக்கும்" என்பார்கள். ராணி இல்லை. அவர் ஒரு தாசி!

விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509-1529) ஒருமுறை இந்த வட்டாரத்துக்கு வந்தாராம். பொழுது சாயும் நேரம். முத்திரையர்பாளையம் பக்கம் விளக்கும் வெளிச்சமுமாக ஒரு பெரிய மாளிகை ஜொலித்தது. கோவில் என்று நினைத்த ராஜா குனிந்து கும்பிட்டு விட்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், அது கோவில் இல்லீங்க, தாசி வீடுங்க என்று விஷயத்தை போட்டு உடைத்தார்.

அவ்வளவுதான், ராஜாவுக்கு வந்ததே கோபம்! வீட்டை இடித்து தரைமட்டமாக்க உத்தரவு போட்டார். தப்பாக பார்த்தது ராஜாவின் கண். தண்டனை ஆயியின் வீட்டுக்கு. இது எந்த ஊர் நியாயமோ!

ஆயி அழுது கெஞ்சியும் ராஜா மனம் இறங்கவில்லை. கடைசியாக, என் வீட்டை நானே இடிச்சுக்கிறேன், அதுக்கு மட்டும் அவகாசம் கொடுங்க என்று கேட்டார். அது கிடைத்தது. சொன்னபடி வீட்டை இடித்தார். ஆனால் அந்த இடத்தை சும்மா விடவில்லை. ஊர் ஜனங்கள் குடிக்க அங்கேயே ஒரு குளம் வெட்டி விட்டார்.

ராஜா கும்பிட்டதும் கோபப்பட்டதும் வாய்வழியாக வந்த கதை. தண்ணீர் வந்தது சரித்திரம்.

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால் ஊன்றினார்கள். கடலோர ஊர் என்பதால் டவுன் கிணறுகளில் உப்பு கரிக்கும். வீதிகளை நேர்கோடு மாதிரி போட்ட பிரெஞ்சுக்காரனுக்கு குடிக்க நல்ல தண்ணீர் மட்டும் பெரும் பாடாக இருந்தது. 3-ம் நெப்போலியன் பேரரசராக இருந்த காலத்தில் (1852-1870) தான் அதற்கு விடிவு வந்தது. லாமைரெஸ் என்ற பிரெஞ்சு என்ஜினீயர், சுமார் 5 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் முத்திரையர்பாளையத்தில் இருந்து வாய்க்கால் போட்டு தண்ணீரை டவுனுக்கு கொண்டு வந்தார். (இவர் கில்லாடி மனுஷன். நம்ம ஊர் பழைய தமிழ் பாட்டுகளை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். ஊர் திரும்பிய பிறகு, 1891-ல் காமசூத்திரத்தையும் பிரெஞ்சில் வெளியிட்டார்.)

இந்த நல்ல தண்ணீருக்கு பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஆயியின் கதை பாரீஸ் வரை போனதாம். அதைக் கேட்ட நெப்போலியன், அந்தப் பெண்ணுக்கு ஒரு மண்டபம் கட்டுங்கள் என்று உத்தரவு போட்டதாக சொல்கிறார்கள். அதனால்தான் தமிழ்ப் பெண் பெயரில் இருக்கும் இந்த மண்டபம், நம்ம ஊர் கோவில் மண்டபம் மாதிரி இல்லாமல் கிரேக்க, ரோமானிய பாணியில் தூணும் வளைவுமாக நிற்கிறது.

ஒரு ராஜா வீட்டை இடிக்க சொன்னார். இன்னொரு ராஜா மண்டபம் கட்ட சொன்னார். இரண்டு பேர் பெயரும் மண்டபத்துக்கு இல்லை. ஆயி பெயர்தான். தமிழில் ஆயி என்றால் அம்மா.