தடுப்பற்ற பெட்டியும் அதன் பாரமும்

தேரோட்டத்தைக் காண்போர் வடம்பிடிப்போரையே பெரிதும் நோக்குவர். சில்லுகளின் அருகே கட்டைகளை ஏந்தி நடந்துவருவோரை நோக்குவார் மிகச் சிலரே. எனினும் தேர் ஊறின்றி வீதிசுற்றி இருப்பிடம் சேர்தல் அச்சிலரின் கையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. வடம் தேரை இழுக்க வல்லது. பிடித்து நிறுத்த வல்லதன்று. இழுப்போர் நின்றவுடன் வடம் தொய்ந்துவிடும். தேரோ, தான் பெற்ற வேகத்துடன் இழுத்தோரை நோக்கியே வரும். அதனை நிறுத்துவது சில்லின்கீழ் இடப்படும் முட்டுக்கட்டையாகும். இடையூறு என்னும் பொருளில் இன்று எங்கும் வழங்கும் இச்சொல், தேர்வீதியில் உயிர்காக்கும் ஒரு கருவிக்குப் பெயராயிருத்தல் கருதத்தக்கது. திருவாரூர்ப் பெருந்தேருக்குப் பிற்காலத்தில் இரும்புச் சில்லுகளும் நீரமுக்கத்தால் இயங்கும் தடுப்புகளும் பொருத்தப்பட்டன. ஆயினும் முட்டுக்கட்டை பிடிப்போர்க்கு அங்கும் ஓய்வு கிடைத்திலது.

பிறேக் என மக்கள் வழங்கும் தடுப்பு, இழுக்கும் ஊர்தியில் மாத்திரம் இருக்க, இழுபடும் பெட்டியில் அஃது இல்லாதொழியின் யாது நிகழும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இலங்கையின் நெல்விளை நிலங்களில் உழவு இயந்திரத்தின் பின்னே நெல்மூடைகளையும் வைக்கோலையும் மணலையும் கல்லையும் ஏற்றிச் செல்லும் இருசில்லுப் பெட்டிகளுட் பல இவ்வகையினவே. பெட்டியை இயந்திரத்தோடு தொடுப்பது வடமன்று, இரும்பாலான இழுவைத்தண்டு. வடம் இழுக்கும்போது மட்டுமே தொழிற்படும். தண்டோ இழுக்கவும் வல்லது, தள்ளவும் வல்லது. இயந்திரம் விரையும்போது பெட்டி பின்தொடரும் ஏவலாள். இயந்திரம் வேகந்தணியும்போது அதுவே முதுகிற் கைவைத்துத் தள்ளும் பகைவன். இத்தள்ளலின் அளவை அறியாது தடுப்பை நம்பி ஓட்டுவதிலிருந்தே விபத்துகளுட் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2000 கிலோகிராம் நிறையுள்ள உழவு இயந்திரம் ஒன்று, பாரத்துடன் 3000 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி ஒன்றை இழுக்கின்றதெனக் கொள்க. சாதாரண உழவு இயந்திரத்தில் தடுப்புகள் பின்சில்லுகள் இரண்டிலுமே அமைந்துள்ளன. இயந்திர நிறையில் 1200 கிலோகிராம் பின்சில்லுகளின்மீது நிற்க, இழுவைத்தண்டின் வழியாகப் பெட்டியின் பாரத்தில் 300 கிலோகிராம் அவற்றின்மீது அமருமாயின், அச்சில்லுகள் நிலத்தை அழுத்துவது 1500 கிலோகிராம் நிறையாலாகும். உலர்ந்த தார்வீதியில் உராய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால், அச்சில்லுகள் நிலத்தைப் பற்றி நிறுத்தக்கூடிய விசை 900 கிலோகிராம் நிறைக்குச் சமனானது. இதற்கு மேல் எவ்வளவு வலிந்து மிதிப்பினும் சில்லு பூட்டுண்டு சறுக்குமேயன்றித் தடுப்பு விசை கூடாது. இந்த 900 கிலோகிராம் விசையே 5000 கிலோகிராம் திணிவு முழுவதையும் நிறுத்தல் வேண்டும்.

கணக்கின் முடிவு இதுவாகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் இயந்திரம், பெட்டியின்றித் தனியே செல்லின் ஏறக்குறைய 4½ மீற்றர் தூரத்தில் நிற்கும். பெட்டியுடன் செல்லின் ஏறக்குறைய 9 மீற்றர் தூரம் வேண்டும். வேகம் 30 கிலோமீற்றராயின் அத்தூரம் 20 மீற்றரை அண்மிக்கும். வேகம் ஒன்றரை மடங்காக, தூரம் இரண்டேகால் மடங்காவதைக் காண்க. இயக்கப்பண்புச் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமனாதலே இதற்குக் காரணம். இத்தூரங்கள் தடுப்புத் தொழிற்படத் தொடங்கிய பின்னர் உள்ளவை. ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, காலை எடுத்து மிதிப்பதற்கு ஒரு செக்கன் சென்றாலும், 30 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீற்றருக்கு மேற் சென்றிருக்கும். மேலும், தடுப்பை மிதிக்குங்கால் இயந்திரத்தின் நிறையில் ஒரு பகுதி முன்சில்லுகளுக்கு மாறுதலால், உண்மை நிலை இக்கணக்கினும் சிறிது மோசமானதேயாம்.

மழைபெய்த மண்வீதியில் நிலைமை வேறு. உராய்வுக் குணகம் 0.3 ஆகக் குறையின், பற்றும் விசை 450 கிலோகிராமாகிவிடும். 20 கிலோமீற்றர் வேகத்தில் நிற்பதற்கே 17 மீற்றருக்கு மேல் வேண்டும். அம்மண்வீதி பத்துக்கு ஒன்று என்னும் விகிதத்திற் சரிந்துமிருப்பின், புவியீர்ப்பு அத்தொடரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 500 கிலோகிராமாகும். பற்றும் விசை 450, இழுக்கும் விசை 500. இங்கே நிற்கும் தூரம் என ஒன்று இல்லை. சில்லுகள் இரண்டும் பூட்டுண்ட நிலையிலும் வண்டி வேகங்கூடிக்கொண்டே இறங்கும். ஓட்டுபவரின் திறமைக்கோ காலின் வலிமைக்கோ அவ்விடத்தில் யாதொரு வேலையுமில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையான நிலமாதலின் இவ்விடர் அங்கு அவ்வளவாகத் தோன்றுவதில்லை. ஆயின் வன்னியிற் குளக்கட்டுகளின்மேல் ஏறியிறங்கும் வழிகள் நீளத்திற் குறுகியவையாயினும் செங்குத்தானவை. பெரும்பாலும் மண்ணாலும் கிரவலாலும் ஆனவை. மலைநாட்டு வீதிகளின் இயல்பைக் கூறவேண்டியதில்லை. சமநிலத்திற் பழகிய கை ஒரு குளக்கட்டுச் சரிவில் முதன்முறையாகப் பாரத்துடன் இறங்கும்போதே மேற்கூறிய கணக்கைக் கண்கூடாகக் காண்கின்றது.

சரிவில் இறங்குவோர் செய்யவேண்டிய முடிவுகள் யாவும் சரிவின் தலைப்பிலேயே செய்யப்படல் வேண்டும். எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்னும் பழைய விதி இதனையே கூறுகின்றது. தாழ்ந்த கியரில் எஞ்சின் சில்லுகளைப் பிடித்து மெதுவாக இறக்கும். இடையிற் கியரை மாற்ற முயன்று கிளச்சை மிதித்தால், அக்கணமே எஞ்சினின் பிடி அற்றுப்போகின்றது. பழைய இயந்திரங்களில் ஓடும்போது தாழ்ந்த கியர் மீண்டும் விழுதல் அரிது. எரிபொருளை மிச்சம்பிடிக்கக் கருதி நியூற்றலில் உருளவிடும் வழக்கமோ மிச்சம்பிடித்ததனினும் பன்மடங்கு செலவை வருவிக்கக்கூடியது. எஞ்சினின் பிடியும் அதே பின்சில்லுகள் வழியாகவே நிலத்தைச் சேர்கின்றது என்பதையும் மறத்தலாகாது. அது தடுப்பைச் சூடேறாமற் காக்குமேயன்றி, சில்லுக்கும் நிலத்துக்குமிடையேயுள்ள பற்றைக் கூட்டாது. ஆதலின் ஈரமண்ணில் எஞ்சினை மட்டும் நம்புதலும் பொருந்தாது. பாரத்தைக் குறைத்து இருமுறை செல்லுதலே தக்கது.

சூடேறுதல் என்பது சிறு விடயமன்று. 5000 கிலோகிராம் திணிவு 100 மீற்றர் உயரத்தைச் சீரான வேகத்துடன் இறங்கும்போது இழக்கப்படும் நிலைப்பண்புச் சக்தி, ஏறக்குறைய 16 லீற்றர் நீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இத்துணை வெப்பமும் இரண்டு தடுப்புகளுக்குள் இறங்கின் அவை தம் பற்றை இழத்தலில் வியப்பொன்றுமில்லை.

இவ்வுண்மையைப் புகையிரதப் பகுதியார் பெரும் விலைகொடுத்துக் கற்றனர். பிரித்தானியாவிற் சரக்குப் பெட்டிகளுட் பெருந்தொகையானவை, எஞ்சினிலிருந்து இயக்கப்படும் தடுப்பின்றி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஓடின. எஞ்சினிலும் கடைசியிலுள்ள காவலர் பெட்டியிலுமே ஓடும்போது பயன்படும் தடுப்புகள் இருந்தன. இங்கிலாந்தின் லிக்கி என்னும் சரிவு 37.7க்கு ஒன்று என்னும் விகிதமுடையது. அதன் உச்சியிலே அத்தகைய சரக்குத் தொடர்கள் நிறுத்தப்பட்டு, பெட்டிகளின் பக்கத்திலிருந்த கைத்தடுப்புகள் ஒவ்வொன்றாக இறுக்கப்பட்ட பின்னரே இறங்கவிடப்பட்டன. முதலில் நின்று பின்னர் இறங்குக என்பதே அதன் பொருள்.

அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அண்மையில் 1889ஆம் ஆண்டு யூன் 12ஆந் திகதி நிகழ்ந்தது இன்னும் கொடியது. ஞாயிற்றுப் பாடசாலைச் சிறுவர்களையும் பிறரையும் உல்லாசப் பயணமாக ஏற்றிச் சென்ற புகையிரதம் ஒன்று, 75க்கு ஒன்று என்னும் சரிவில் ஏறமாட்டாது நின்றது. முற்பகுதியை முதலில் மேலே கொண்டுசெல்லும் நோக்குடன் தொடர் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதிலிருந்த தடுப்பு, எஞ்சினோடு தொடுப்பு உள்ளவரையே தொழிற்படும் வகையினது. தொடுப்பு நீங்கவே பின்பகுதிப் பெட்டிகளைத் தாங்கியது ஒரு கைத்தடுப்பும் சில்லுகளின்கீழ் வைத்த கற்களுமே. முற்பகுதி புறப்படுங்கால் சற்றுப் பின்வாங்கி இடிக்க, கற்கள் நொறுங்கின. பெட்டிகள் பின்னோக்கி ஓடிப் பின்னால் வந்துகொண்டிருந்த புகையிரதத்துடன் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். தொடுப்பு அறுந்தாலும் தானாகவே பற்றிக்கொள்ளும் தடுப்பு பிரயாணிகள் வண்டிகள் எல்லாவற்றிலும் இருத்தல் வேண்டுமென அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சில்லின்கீழ் வைக்கும் கல்லில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கும் இந்நிகழ்ச்சி சான்றாகும்.

மோட்டார்க் கார்களின் பின்னே இழுக்கப்படும் சிறு பெட்டிகளுக்கு ஐக்கிய இராச்சியத்திலுள்ள விதி தெளிவானது. தடுப்பற்ற பெட்டி பாரத்துடன் 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது. இழுக்கும் காரின் வெற்று நிறையில் அரைவாசியையும் மிஞ்சலாகாது. இரண்டனுட் சிறியதே எல்லை. இவ்விதி உழவு இயந்திரத்துக்கு உரியதன்று. எனினும் மேற்கூறிய எடுத்துக்காட்டில் பெட்டி இயந்திரத்தின் நிறையைப் போல் ஒன்றரை மடங்காயிருத்தலை இதனோடு ஒப்புநோக்கின், உழவு இயந்திரத்துக்கு உயிர்ப்பாதுகாப்பு அதன் மந்தகதியே என்பது புலனாகும். அம்மந்தகதியைக் கைவிட்டு வீதியிற் கார்களோடு போட்டியிடுதல் அறிவுடைமையாகாது.

இனி, பாரத்தை ஏற்றும் முறை. மாட்டுவண்டிக்காரர் இதனை இயந்திரங்கள் தோன்றுமுன்னரே நன்கறிந்திருந்தனர். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டின் பிடி தளரும். பெட்டிக்கும் இதுவே நியதி. பெரும்பாரம் அச்சுக்குச் சற்று முன்னே அமைந்து, மொத்த நிறையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு இழுவைத்தண்டில் அழுத்தல் நன்று. பின்பாரமாக ஏற்றினால் தண்டு இயந்திரத்தின் பின்புறத்தை மேலே தூக்கும்; தடுப்புள்ள சில்லுகளே நிலத்தின் பற்றை இழக்கும். பாரம் உயர அடுக்கப்படின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளிற் கவிழ்தல் எளிதாகும். வைக்கோற் பாரம் நிறை குறைந்ததெனினும் இவ்வகையில் நெல்மூடையினும் அஞ்சத்தக்கது.

காரின் பின் செல்லும் பெட்டிக்குப் பின்பாரம் வேறொரு தீங்கையும் தரும். வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் பெட்டி பாம்புபோல இருபுறமும் ஆடத்தொடங்கும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெருகும். அவ்வேளையில் தடுப்பைச் சடுதியாக மிதித்தலும், எதிர்த்திசையிற் சுக்கானைத் திருப்பித் திருத்த முயலுதலும் கேட்டையே விளைக்கும். சுக்கானை நேராகப் பற்றி, விசைமிதியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிடுதலே வழி.

நேரான வீதியில் பெட்டியின் தள்ளல் முன்னோக்கியே செல்வதால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். வளைவில் இயந்திரம் ஒரு திசையையும் பெட்டி மற்றொரு திசையையும் நோக்கி நிற்க, அத்தள்ளல் இயந்திரத்தின் பின்புறத்தைப் பக்கவாட்டில் ஒதுக்கும். விரித்த பேனாக்கத்தி மடிவதுபோல இரண்டும் மடிந்துகொள்ளும். ஆதலின் வேகத்தை வளைவுக்கு முன் குறைக்கவேண்டுமேயன்றி, வளைவினுட் குறைத்தலாகாது. உழவு இயந்திரத்தின் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் வெவ்வேறு தடுப்பு மிதிகள் உள. வயலிற் குறுகத் திரும்புவதற்கு அவை உதவுவன. வீதியில் ஏறுமுன் இரண்டையும் கொளுவியினால் ஒன்றாக இணைத்தல் இன்றியமையாதது. இணைக்காது ஒன்றை மாத்திரம் மிதித்தால், பாரம் தள்ளும்போது ஒரு சில்லு மட்டும் பற்றிக்கொள்ள, தொடர் முழுவதும் சுழன்று மடியும்.

இருசில்லு உழவு இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். லாண்ட்மாஸ்டர் என்னும் பெயரால் வழங்கும் இவ்வகை இயந்திரங்களின் பெட்டிகளிற் காலால் மிதிக்கும் தடுப்பு இருத்தல் உண்டு. ஆயினும் இதன் தனித்தன்மை சுக்கான் கிளச்சிலேயே உள்ளது. சமநிலத்தில் இடப்பிடியை அழுத்தினால் இடச்சில்லு விசையிழக்க, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது எஞ்சினே சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. அப்போது இடப்பிடியை அழுத்தின் இடச்சில்லு பிடிவிட்டு விரைந்தோட, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். கை பழகியதற்கு நேர்மாறான இவ்விளைவை அறியாதவர், இடப்புறப் பள்ளத்துக்கு அஞ்சி வலப்பிடியை அழுத்தி அப்பள்ளத்துட் செல்வர். சரிவிற் சுக்கான் கிளச்சைத் தொடாது, கைபிடியைத் தள்ளியே திருப்புதல் வேண்டும்.

இணைப்பாணி தேய்ந்ததாகவோ, தற்செயலாகக் கிடைத்த கம்பித்துண்டாகவோ இருத்தலாகாது. அதன் கீழ்முனையில் ஊசி செருகப்பட்டிருத்தல் வேண்டும். ஆணி கழன்றாலும் பெட்டியை விடாதிருக்கக் காப்புச் சங்கிலிகள் இரண்டைத் தண்டின்கீழ்க் குறுக்காகப் பூட்டுவது நன்று. தண்டு நிலத்திற் குத்தாது அச்சங்கிலிகளின் மேல் தங்கும். கோயில் திருவிழாவுக்கும் அரிவுவெட்டுக்கும் பெட்டியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் நாட்டில் ஊறிப்போனது. பாரத்தின்மேலும் இழுவைத்தண்டின்மேலும் ஆட்கள் அமர்தலை, பிள்ளைகள் அமர்தலைச் சிறப்பாக, எக்காரணங்கொண்டும் அனுமதித்தலாகாது. தண்டின்மேல் இருப்பவர் தவறி விழுமிடம் பெட்டிச் சில்லின் நேர்முன்னாகும்.

பெட்டியைக் கழற்றும்போது முதலில் அதன் இரு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் ஆப்புவடிவான மரக்கட்டைகளை இறுக்கிவைத்து, தண்டின்கீழ் முட்டுக் கொடுத்து, அதன் பின்னரே ஆணியை இழுத்தல் முறை. பின்பாரமுள்ள பெட்டியாயின் ஆணி வெளிவந்த கணத்திலேயே தண்டு மேலெழும். கழற்றுபவர் தண்டுக்கு மேலே குனிந்து நில்லாது பக்கத்தில் நின்று இழுப்பாராக. கட்டைகள் பெட்டியிலேயே கட்டித் தொங்கவிடப்பட்டிருப்பின் வேண்டியபோது கல்தேடி அலையவேண்டியதில்லை.