விநாடி முள் ஏன் அவசரப்படுவதில்லை?

சாவி கொடுக்கிற வாட்சில் பேட்டரி கிடையாது. அப்புறம் விநாடி முள்ளை யார் தள்ளுகிறார்கள்?

சாவி கொடுத்தால் உள்ளே ஒரு சுருள்வில் இறுகும். அது விரியும்போது பல்சக்கரங்களைத் தள்ளும். நடுச்சக்கரம் மணிக்கு ஒரு சுற்றுதான். விநாடி முள்ளின் சக்கரமோ மணிக்கு 60 சுற்று சுற்ற வேண்டும்.

8 பல் உள்ள குட்டிச் சக்கரத்தை 480 பல் சக்கரம் தள்ளினால் 60 சுற்று வரும். ஆனால் அவ்வளவு பெரிய சக்கரம் கைக்கடிகாரத்துக்குள் அடங்குமா? அதனால் இரண்டு படியாகப் பிரிக்கிறார்கள். உதாரணமாக, 64 பல் நடுச்சக்கரம் 8 பல் குட்டியைத் தள்ளினால் 8 மடங்கு வேகம். அந்தக் குட்டியின் அச்சிலேயே உள்ள 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் குட்டியைத் தள்ளினால் 7½ மடங்கு. 8 × 7½ = 60! நம்ம கணக்குப் பாடத்து விகிதம்தான்.

சரி, சுருள்வில் ஒரேயடியா விரிஞ்சிட்டா? முள் பம்பரம் மாதிரி சுத்திடும். அதைத் தடுப்பது பேலன்ஸ் சக்கரம். எங்க ஊர் வாட்ச் ரிப்பேர் கடையில் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தேன். மற்ற சக்கரங்கள் நகர்வதே தெரியலை. இது மட்டும் படபடன்னு ஊஞ்சல் ஆடுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும், கவை போன்ற ஒரு துண்டு கடைசிச் சக்கரத்தை அரைப் பல் மட்டும் நகர விடும். அந்தச் சத்தம்தான் 'டிக்'. எச்.எம்.டி. ஜனதா வாட்சில் விநாடிக்கு 5 டிக். முள் வழுக்கி ஓடுவது போலத் தெரிந்தாலும், உண்மையில் 5 குட்டித் தாவல்கள்!

ஒரு நாளைக்கு 4,32,000 டிக். நாளைக்கு ஒரு நிமிடம் பிந்தினால் வாட்சைக் குறை சொல்கிறோம். நாளுக்கு 1,440 நிமிடம். அதில் ஒன்றுதான் தப்பு. பரீட்சையில் நாம அப்படி எடுப்போமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி