புல்லா, களிமண்ணா? டேவிஸ் கிண்ணத்தின் பௌதிகம்

1987 டிசம்பர். சுவீடனின் கோதன்பர்க் நகரில், பனிக்கட்டி ஹொக்கி ஆடும் ஸ்கண்டினேவியம் உள்ளரங்குக்குள் களிமண் தரை போட்டிருந்தார்கள். நாடுகளுக்கிடையிலான ஆண்கள் டென்னிஸின் பெரும் பரிசான டேவிஸ் கிண்ணத்துக்கு அங்கே இறுதியாட்டம். எதிரணியில் இந்தியா: சென்னைக்காரர்களான ரமேஷ் கிருஷ்ணனும் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களும். இவர்கள் அரையிறுதியில் அவுஸ்திரேலியாவை அதன் சொந்தச் சிட்னிப் புல் தரையிலேயே 3-2 என்று வீழ்த்திவிட்டு வந்தவர்கள். கோதன்பர்க்கிலோ 0-5. ஆளும் மட்டையும் மாறவில்லை. எதிரே நின்ற மட்ஸ் விலாண்டர் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்தான், ஆனால் அவருக்குத் துணையாகக் காலடியில் இன்னொன்றும் இருந்தது.

டேவிஸ் கிண்ணத்தில் ஆட்டத்தை நடத்தும் நாடே தரையைத் தெரிவு செய்யும். இந்தப் போட்டியைத் தொடக்கியவர் டுவைட் டேவிஸ் என்ற ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர். 1900இல் பொஸ்டன் அருகே லோங்வூட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் அமெரிக்கா பிரித்தானியாவை 3-0 என்று வென்றது. புல் நீளமாக வளர்ந்திருந்தது, பந்துகள் மென்மையாக இருந்தன என்று தோற்றவர்கள் அப்போதே முறையிட்டார்கள். தரை பற்றிய வழக்குக்கும் கிண்ணத்துக்கும் ஒரே வயது. 2019 முதல் இறுதிக் கட்டம் முன்கூட்டியே குறித்த இடங்களில் நடந்தாலும், அதற்கு முந்தைய சுற்றுகளில் இந்தச் சலுகை இன்றும் உண்டு.

தரை அப்படி என்னதான் செய்கிறது? டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து கொங்கிரீட் தரையில் விழவிட்டால் அது 135 முதல் 147 சென்ரிமீற்றர் வரை எழ வேண்டும் என்பது விதி. அதாவது, ஒரே துள்ளலில் உயரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு போய்விடுகிறது. அந்தச் சக்தி இறப்பர் நசுங்கி விரியும்போது வெப்பமாகிறது. ஆட்டத்தில் பந்து நேராக விழுவதில்லை, சரிந்து வந்து மோதுகிறது. தரையைத் தொட்டிருக்கும் சில மில்லி செக்கனுக்குள் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்: முன்னோக்கிய வேகத்தில் எவ்வளவை உராய்வு பிடுங்கிக்கொள்ளும்? மேல்நோக்கி எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

களிமண் தரை என்று சொல்கிறோமே தவிர, மேலே கிடப்பது பெரும்பாலும் அரைத்த செங்கல் தூள், ஓரிரு மில்லிமீற்றர் தடிப்பில். கடற்கரை மணலில் காலை இழுத்து நடந்தால் முன்னால் மணல் குவியுமல்லவா? பந்துக்கு முன்னாலும் தூள் அப்படியே குவிந்து தடுக்கிறது. முன்னோட்டம் குறைகிறது. அடியிலுள்ள தளம் இறுக்கமானதால் மேல்நோக்கிய வேகம் அதிகம் வீணாவதில்லை. ஆகவே பந்து மெதுவாகவும் உயரமாகவும் எழுந்து வருகிறது. புல் தரையில் இரண்டும் எதிர்மாறு. இதழ்கள் வழுக்குவதால் உராய்வு குறைவு. அடியில் உள்ள மண் அமுங்கி மோதலை உள்வாங்குவதால் எழுச்சியும் குறைவு. பந்து முழங்காலுக்குக் கீழே சறுக்கிக்கொண்டு ஓடும்.

சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் இவ்விரு அளவுகளையும் சேர்த்து ஒரு வேகச் சுட்டெண் கணிக்கிறது. 29 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மெதுவான தரை, 45 அல்லது அதற்கு மேல் வேகமான தரை. டேவிஸ் கிண்ணத்தை நடத்தும் நாடு உண்மையில் தெரிவு செய்வது இந்த எண்ணைத்தான்.

இந்தியா புல்லை நம்பியதன் காரணம் இப்போது விளங்கும். வேகமாகப் பந்தைப் போட்டுவிட்டு வலைக்கு ஓடுபவருக்கும், பந்தை மென்மையாகத் தொட்டுத் திருப்புபவருக்கும் தாழ்வான துள்ளல் வாய்ப்பானது. களிமண்ணில் வளர்ந்து, பின்னால் நின்று உயரமான பந்தைச் சுழற்றி அடிப்பவருக்கு அது தொல்லை. 1966இல் கல்கத்தா சவுத் கிளப் புல் தரையில் பிரேசிலின் தோமஸ் கொக்கைத் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு வென்றார் ரமேஷின் தந்தை ராமநாதன் கிருஷ்ணன். அந்த வெற்றியே இந்தியாவை முதன்முதலாக இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனது. 1987இன் முதற்சுற்றில், டெல்லிப் புல்லில், ஆர்ஜென்டீனாவின் மார்ட்டின் ஹைட்டேயிடம் முதல் இரண்டு செட்களையும் இழந்த விஜய், அடுத்த மூன்றையும் எடுத்தார்.

தரைக்கு அடுத்தபடி காற்று. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கப்படும் சேர்விஸ், காற்றும் தரையும் சேர்ந்து இழுப்பதால், எதிராளியை அடையும்போது ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு வந்துவிடும். இதற்கு நம் இலங்கையிலேயே ஒரு கணக்குப் போடலாம். மட்டக்களப்பு வாவிக்கரை கடல்மட்டத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் உயரம் சுமார் 1,868 மீற்றர். குளிரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அங்கே காற்றின் அடர்த்தி இங்குள்ளதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. பந்தை இழுக்கும் தடையும் அதே அளவு குறையும். வெளியமுக்கம் குறைவதால் அடைத்த பந்தும் விறைத்து அதிகம் துள்ளும். அதனால்தான் 1,219 மீற்றருக்கு மேல் ஆட விதிகள் தனிப் பந்தை அனுமதிக்கின்றன. மட்டக்களப்புக் கல்லடியில் கோட்டுக்குள் விழும் அடி நுவரெலியாவில் கோட்டைத் தாண்டலாம்.

வாவிக்கரையின் ஈரக் காற்று "பாரமானது" என்று நமக்குத் தோன்றும். உண்மை தலைகீழ். நீராவி மூலக்கூறு நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளைவிட இலேசானது. அதனால் ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட ஒன்றிரண்டு சதவீதம் இலேசு. பாரமாவது பந்துதான். அதன் கம்பளி மேலுறை ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். மாரிக்காலத்தில் நனைந்த களிமண்ணில் ஆட்டம் இன்னும் மந்தமாகும். மலைகளைக் கடக்கையில் ஈரத்தை இழந்து சூடாக இறங்கிவரும் கச்சான் காற்றுக் காலத்திலோ தரை காயும், பந்தினுள் அமுக்கம் ஏறும், துள்ளல் கூடும். ஒரே திடலில் இரண்டு பருவத்துக்கு இரண்டு ஆட்டம்.

அப்படியானால் தரைதான் விதியா? 1993 மறுத்துச் சொல்கிறது. அந்த ஆண்டு பிரான்ஸின் பிரேஜுஸில், பிரெஞ்சுக்காரர் தாங்களே தெரிவு செய்த களிமண்ணில், லியாண்டர் பயஸும் ரமேஷ் கிருஷ்ணனும் அடங்கிய இந்திய அணி 3-2 என்று வென்றது. அடுத்து அரையிறுதி, சண்டிகாரில், தங்கள் சொந்தப் புல்லில். அவுஸ்திரேலியாவிடம் 0-5 என்று தோற்றது.

1953இல் சிலோன் என்ற பெயரில் டேவிஸ் கிண்ணத்துக்குள் நுழைந்த இலங்கையின் கொழும்புத் தரையும் களிமண்தான். அடுத்த முறை இந்தப் போட்டியைப் பார்க்க உட்காரும்போது ஆட்டக்காரர்களின் தரவரிசைக்கு முன் தரையைப் பாருங்கள். யாருக்கு அனுகூலம் என்பதை அது சொல்லிவிடும். யார் வெல்வார் என்பதை மட்டும் சொல்லாது. நடத்தும் நாடு உராய்வைத் தெரிவு செய்யலாம், பந்தை அடிக்க வேண்டியவர் ஆட்டக்காரரே.